ஈரத்தாள் தொங்கிய இடம்

கூழைத் திறந்துவிட்டார்கள். இனி எல்லாம் ஆண்டவன் கையில் என்று சொன்னால் கேட்க அடக்கமாக இருக்கும், ஆனால் எனக்கு அடக்கம் வராது, இனி நடக்கப்போவது அத்தனையும் பூங்கொடி என்கிற நான் மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டு யோசித்து வைத்ததுதான், அது நடக்கும், நடந்தே தீரும். அதோ, கரும்புச் சக்கைக் கூழ், கஞ்சித் தண்ணீர் மாதிரி, கம்பிவலை மேல் விரிகிறது, தண்ணீர் கீழே கொட்டுகிறது, வலை ஓட ஓடக் கஞ்சி கெட்டியாகி வெள்ளையாகத் தாள் என்று ஒன்று பிறக்கிறது. பிறக்கிறது என்றா சொன்னேன், தாள் என்று கூப்பிட இன்னும் தகுதி வரவில்லை, அதில் ஐந்தில் நாலு பங்கு தண்ணீர்தான், விரலால் தொட்டால் விரலோடு வந்துவிடும். அதைப் பிழிய வேண்டும். பிழிவதுதான் என் வேலை, நான் இந்த ஆலையின் பிரஸ் பகுதிக்குப் பொறுப்பு. பெரிய ரோல்களுக்கு நடுவே, கம்பளி மேல் படுக்க வைத்து, கிழியாமல் நசுங்காமல் ஈரத்தைப் பிழிந்து டிரையருக்கு அனுப்ப வேண்டும், டிரையரில் நீராவிச் சூடு மிச்ச ஈரத்தைப் பார்த்துக்கொள்ளும். துணி பிழியத் தெரிந்த யாருக்கும் இது புரியும் என்று கல்லூரிப் பிள்ளைகள் சுற்றிப்பார்க்க வரும்போது சொல்வேன், புடவையை முறுக்கலாம், ஈரத்தாளை முறுக்க முடியுமா, அதனால்தான் இத்தனை டன் இரும்பும் கல்லும் என்பேன், அவர்கள் சிரிப்பார்கள், ஒருவருக்கும் புரிந்திருக்காது. காலையில் கேஸ் சிலிண்டரை மூடினேனா? மூடினேன். பால் பொங்கியது, காப்பி கலந்தேன், ஆட்டோ ஹாரன் அடித்தது, மூடினேன் என்றுதான் நினைக்கிறேன்.

நெற்றியில் செந்தூரம் இன்னும் பிசுபிசுக்கிறது. மெஷின் நின்று ஓடும் ஒவ்வொரு தடவையும் இங்கே பூஜை உண்டு, பூசணிக்காய், தேங்காய், சூடம், அப்புறம் ஆளுக்கொரு பொட்டு, மெஷினுக்கும் பொட்டு. இன்றைக்கு என் பகுதித் தொழிலாளி செங்கோடன்தான் தட்டெடுத்தான், ஆஞ்சநேயர் கோயில் செந்தூரம், எண்ணெயில் குழைத்தது, "புது ஏற்பாடுங்க மேடம், சாமியும் கொஞ்சம் ஸ்ட்ராங்கா இருக்கட்டுமுங்க" என்று சொல்லி எல்லோர் நெற்றியிலும் அப்பினான். ஜி.எம். ஸ்ரீவத்சன் சார் கைக்குட்டையால் பாதியைத் துடைத்துவிட்டார், அவருக்குச் சாமி மேல் கோபமில்லை, சட்டை மேல்தான் அக்கறை. தாள் வலையைத் தாண்டிவிட்டது. கம்பளி வந்து தாளை மேலிருந்து ஒட்டித் தூக்கிக்கொண்டது, நல்லது, அது எப்போதும் சரியாக நடக்கிற இடம். முதல் ஜோடி ரோலுக்குள் நுழைகிறது. தண்ணீர் கீழே சலசலவென்று கொட்டும் சத்தம் மாறுகிறது, எனக்கு அந்தச் சத்தம் பிடிக்கும், யாரும் பார்க்காத நேரத்தில் நின்று கேட்பேன். முதல் ஜோடியில் நான் கை வைக்கவில்லை. என் வேலை அதற்கப்புறம். முன்பெல்லாம் மூன்று ஜோடி ரோல்கள் தனித்தனியாக நிற்கும், ஒன்றில் பிழிந்து, அடுத்ததில் பிழிந்து, கடைசி ஜோடிக்குப் போகும் வழியில் ஒரு கை நீளத்துக்குத் தாள் அந்தரத்தில் தொங்கியபடி போக வேண்டும், அடியில் கம்பளி இல்லை, மேலே பிடிமானம் இல்லை, பாதிக்கு மேல் தண்ணீராக இருக்கிற தாள் தன் கனத்தைத் தானே தாங்கிக்கொண்டு ஓட வேண்டும். எப்படித் தாங்கும்? கிழியும். ஆடி மாதக் காற்று கதவு வழியாக வந்தால் கிழியும், கூழில் சக்கை கொஞ்சம் பொடியாக வந்தால் கிழியும், ஒன்றுமே இல்லாவிட்டாலும் கிழியும். கிழிந்தால் ஒரு ஆள் அந்த இடைவெளியில் நின்று, தாளை ஓரத்தில் குறுகலாக வெட்டிவிட்டு, அந்த ஈர வாலைக் கையால் பிடித்து, சுழன்றுகொண்டிருக்கிற அடுத்த ஜோடி ரோலின் வாய்க்குள் வீச வேண்டும்.

அங்கேதான் செங்கோடன் நிற்கிறான். இப்போதும் நிற்கிறான், பார், அங்கே இன்று அவனுக்கு ஒரு வேலையும் இல்லை, இடைவெளியே இல்லை, நான்தான் எடுத்துவிட்டேனே. பூஜை முடிந்ததுமே கேட்டேன், "அங்க என்ன பண்ற செங்கோடா?" "பழக்கமுங்க மேடம். கை சும்மா இருக்க மாட்டேங்குது." "கையப் பின்னால கட்டிக்க." கட்டிக்கொண்டான், சிரித்துக்கொண்டே. போன ஆடியில் ஈரத்தாள் அவன் விரலில் சுற்றிக்கொண்டது, துணி ஈரமாகச் சுற்றினால் எப்படி விடாதோ அப்படி, ரோல் வாய் இழுத்தது, அவன் கத்தவில்லை என்பதைத்தான் என்னால் இன்னும் மறக்க முடியவில்லை, "மேடம்" என்று சாதாரணமாகக் கூப்பிட்டான், சம்பளப் பிடித்தம் பற்றிக் கேட்கிற குரலில் கூப்பிட்டான், நான் திரும்பிப் பார்த்தேன். வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போய்விட்டன. போனால் வேறு இடத்துக்கு மாற்றுவார்கள் என்று பார்த்தால், புண் ஆறி வந்தவன் மறுபடியும் அதே இடத்தில் நின்றான், ஏனென்றால் வாலைச் சரியாக வீசத் தெரிந்தவன் அவன்தான், வேறு யார் வீசினாலும் தாள் ஏறாது, தாள் ஏறாவிட்டால் கூழ் முழுக்கச் சாக்கடைக்குப் போகும், அதனால் எல்லோரும் பேசாமல் இருந்துவிட்டோம், அவன் இடது கையால் வீசப் பழகிக்கொண்டான். அன்றிலிருந்து ஒவ்வொரு முறை அவன் இடது கை அந்த வாய்க்குப் பக்கத்தில் போகும்போதும் என் கை விரல்கள் தானாக மடங்கும். இதற்குப் பாதுகாப்பு வாரம் கொண்டாடி, மஞ்சள் நிற அட்டையில் 'கை கவனம்' என்று எழுதி ஒட்டினார்கள். அட்டையை நான்தான் கிழித்துப் போட்டேன், யாருக்கும் தெரியாது, தெரிந்தாலும் பரவாயில்லை. கவனமாக இருக்கச் சொல்வதற்கு அவன் என்ன தூங்கிக்கொண்டா இருந்தான், தப்பு கையில் இல்லை, ரோல்கள் நிற்கிற விதத்தில் இருக்கிறது, அதை மாற்று.

மாற்றினேன். யோசனை வந்தது சமையலறையில்தான், அது ஒன்றும் பெரிய ஞானமில்லை, அப்பளம் இட்டுக்கொண்டிருந்தேன், மாவு குழவியில் ஒட்டிக்கொண்டு சுற்றி வந்தது, எரிச்சலோடு உரிக்கப் போனவள் அப்படியே நின்றுவிட்டேன். ஒட்டட்டுமே. ஈரத்தாள் கல் ரோலில் ஒட்டும், அது எல்லோருக்கும் தெரியும், அதைத் தொல்லை என்றுதானே இத்தனை நாள் நினைத்தோம், ஒட்டுகிறதை வேலை வாங்கினால் என்ன? நடுவில் ஒரு கல் ரோல். இந்தப் பக்கம் ஒரு ரோல் அதை அழுத்தட்டும், அந்தப் பக்கம் இன்னொரு ரோல் அதே கல்லை அழுத்தட்டும். தாள் முதல் அழுத்தத்தில் கல்லோடு ஒட்டிக்கொண்டு, கல்லின் முதுகிலேயே சவாரி செய்து, இரண்டாவது அழுத்தத்துக்குள் போய்விடும், நடுவில் அது தொங்குவதே இல்லை. தொங்காவிட்டால் கிழியாது. கிழியாவிட்டால் வாலை யாரும் வீச வேண்டாம். கடைசியில் கல்லிலிருந்து உரிப்பதற்கு ஒரு காற்றுக் குழாய் போதும், கை வேண்டாம், அதற்குள் தாள் கொஞ்சம் காய்ந்து திடம் வந்திருக்கும். இப்படிச் செய்த ஆலைகள் உலகத்தில் எத்தனையோ இருக்கின்றன, நான் ஒன்றும் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை, ஆனால் நம் பழைய மெஷினில், நம் குறுகின இடத்தில், இருக்கிற கல்லை வைத்தே இதைச் செய்யலாம் என்று கண்டுபிடித்தது நான்தான், அந்தப் பெருமையை நான் யாருக்கும் விட்டுத்தர மாட்டேன். சிலிண்டரை மூடினேனா? வலது பக்கம் திருப்பினேன், டக்கென்று சத்தம் வந்தது, ஆனால் அந்தச் சத்தம் நேற்றுக் காலையில் கேட்டதா இன்றைக்குக் கேட்டதா.

எதிர்த்தவர் அந்தோணி குரூஸ் சார், தலைமை மெக்கானிக்கல் எஞ்சினியர், தூத்துக்குடிக்காரர், நல்ல மனிதர், அதனால்தான் அவர் சொன்னது இன்னும் உறுத்துகிறது, கெட்டவர் சொல்லியிருந்தால் என்றைக்கோ மறந்திருப்பேன். "எல்லாம் சரிதான் பூங்கொடி. ரெண்டு ரோலு ஒரு கல்லத் தள்ளுது, ரெண்டுக்கும் தனித்தனி மோட்டாரு. எவன் முதலாளின்னு அந்தக் கல்லுக்கு எப்படிம்மா தெரியும்? ஒருத்தன் ஒரு முடி அளவு வேகமாப் போனாலும் தாளு கல்லு மேல வழுக்கும். வழுக்குனா சுருங்கும், சுருங்குனா கிழியும். வெளிய கிழிஞ்சத உள்ள கொண்டுபோயி கிழிக்கப்போற, அவ்வளவுதான்." நான் கணக்குக் காட்டினேன், கல் ரோல்தான் முதலாளி, மற்ற இரண்டும் அதன் வேகத்துக்கு ஒத்துப் போகிற மாதிரி மோட்டாரை அமைத்திருக்கிறேன் என்றேன், கோவையில் ரோல்களைத் தேய்க்கக் கொடுத்தபோது நடுவில் எவ்வளவு தொப்பை வைக்க வேண்டும் என்று நானே போய் நின்று பார்த்தேன், ஏனென்றால் அழுத்தும்போது ரோல் வளையும், வளைவுக்குத் தகுந்த தொப்பை இருந்தால்தான் தாள் முழுக்க ஒரே மாதிரி அழுத்தம் விழும். அவர் கணக்கைப் பார்த்தார், தாடியைச் சொறிந்தார், "கணக்கு சரியாத்தான் இருக்கு, கணக்கு எப்பவும் சரியாத்தான் இருக்கும்" என்றார். ஸ்ரீவத்சன் சார் அதைப் பிடித்துக்கொண்டார். பள்ளிக்கூட நோட்டுத் தாளுக்குச் சீசன், மெஷினை நிறுத்திப் பரிசோதனை செய்து விளையாட முடியாது, ஒரே ஒரு ஓட்டம், கூழ் விட்டதிலிருந்து தாள் கடைசிச் சுருளில் ஏறும் வரைக்கும், அந்த இடத்தில் கிழிந்தால் எல்லாம் பழையபடி. பழைய ரோல்களின் இரும்புத் தாங்கிகளை அதோ தார்ப்பாய் போட்டு மெஷினுக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறார்கள், போல்ட்டுகளுக்கெல்லாம் கிரீஸ் தடவித் தயாராக. தயாராக வைத்திருக்கிறார்களாம். எனக்கு அந்தத் தார்ப்பாயைப் பார்க்கப் பிடிக்கவில்லை. பழையபடி என்றால் செங்கோடனின் இடது கை அந்த வாய்க்கு முன்னால் பழையபடி, அதுதான் அர்த்தம், வேறொன்றும் இல்லை.

முதல் ஜோடி தாண்டியாயிற்று. கம்பளி மேல் படுத்தபடி வருகிறது. வா, வா, வா. கல்லைத் தொடுகிறது. முதல் அழுத்தம். ஒட்டிக்கொண்டது! எவ்வளவு அழகாக ஒட்டிக்கொண்டது, கல்லுக்கும் தாளுக்கும் நடுவே ஒரு கோடு கூடத் தெரியவில்லை, கல் தன் தோலையே உடுத்திக்கொண்ட மாதிரி, இனி அடுத்த அழுத்தம், இங்கேதான், இங்கே வழுக்கினால் ஓரத்தில் முதலில் சுருக்கம் விழும், ஓரத்தைப் பார், ஓரத்தைப் பார், இந்த ஓரம் சரி, அந்த ஓரம் இங்கிருந்து தெரியவில்லை, குரூஸ் சார் அந்தப் பக்கம்தான் நிற்கிறார், முகத்தைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது, அவர் முகம் எப்போதும் துக்கம் விசாரிக்க வந்தவர் முகம்தான். எவன் முதலாளி. கல்தான் முதலாளி. எவன் முதலாளி. கல்தான் சார், கல்தான், எத்தனை தடவை சொல்வது. தேய்த்த பட்டறையில் அந்தத் தொப்பையை அளந்தபோது என் கை வியர்த்திருந்ததே, அளவுகோல் வழுக்கியிருக்குமோ, இல்லை, இரண்டாவது முறையும் அளந்தேன், மூன்றாவது முறையும், பட்டறைக்காரரே "அம்மணி, இதுக்கு மேல அளந்தீங்கன்னா தேஞ்சு போயிருமுங்க" என்று கேலி பண்ணினார். அப்படியானால் இந்தப் பயம் எங்கிருந்து வருகிறது, அளந்ததற்கும் பயத்துக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது, சிலிண்டரும் அப்படித்தான், மூடியிருப்பேன், நூற்றுக்கு நூறு மூடியிருப்பேன், ஆனாலும் மனசு அந்த வால்வைப் போய்ப் போய்த் தொட்டுப் பார்த்துவிட்டு வருகிறது. இரண்டாவது அழுத்தத்துக்குள் போய்விட்டது. வெளியே வருகிறது. காற்றுக் குழாய் ஊதுகிறது, தாள் கல்லை விட்டு உரிந்து, அடடா, உரிந்து டிரையர் பக்கம் தாவுகிறது, கல்லைச் சுத்தம் செய்யும் சுரண்டுகத்தியை இப்போதுதான் மெல்ல இறக்குகிறார்கள், எல்லாம் நான் சொன்ன வரிசைப்படி, நான் சொன்ன அதே வரிசைப்படி, பூங்கொடி, நீ கெட்டிக்காரிடி.

சிவப்பு.

தாளில் சிவப்பு. வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு ரத்தச் சிவப்பு ஓடிப் போனது, கண் இமைப்பதற்குள் இன்னொன்று, இன்னொன்று. கை. யாருடைய கை. எனக்கு ஆடி மாதம் முழுக்க அந்த ஒரு நொடியில் திரும்பி வந்துவிட்டது, "மேடம்" என்ற அந்தச் சாதாரணக் குரல் காதில் விழுந்துவிட்டது, யாரும் கூப்பிடாமலேயே விழுந்துவிட்டது. என் கை நிறுத்தும் பொத்தானுக்குப் போய்விட்டது. அழுத்தினால் எல்லாம் நின்றுவிடும், தாள் கிழிந்துவிடும், கிழிந்தால் தார்ப்பாயைத் திறப்பார்கள், ஆனால் உள்ளே கை இருந்தால் தாளாவது மண்ணாவது, அழுத்து, அழுத்து, விரல் பொத்தான் மேல் இருக்கிறது, அதன் குளிர்ச்சி தெரிகிறது, கண் மட்டும் செங்கோடனைத் தேடியது. அதே இடத்தில் நிற்கிறான். கை பின்னால் கட்டியிருக்கிறான். "கையக் காட்டு!" என்று கத்தினேன், மெஷின் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை, அவன் என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டான், இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி விரித்துக் காட்டினான். எட்டு விரலும் இருந்தன. இரண்டாவது முறை எண்ணினேன், எட்டு. குரூஸ் சார் கை இரண்டும் கால்சட்டைப் பையில். மற்றவர்கள் எல்லோரும் கைப்பிடிக் கம்பிக்கு வெளியே. பொத்தானிலிருந்து விரலை எடுக்க அவ்வளவு நேரம் பிடித்தது, விரல் ஒட்டிக்கொண்ட மாதிரி இருந்தது.

அப்படியானால் என்ன அது, துருவா, கம்பளிச் சாயமா, நினைத்துக்கொண்டே தாளோடு தாளாக டிரையர்களைத் தாண்டி நடக்கிறேன், நடக்கவில்லை, ஓடுகிறேன், பாதுகாப்புக் காலணி தளம் முழுக்கத் தடதடவென்று அடிக்கிறது. சூடு முகத்தில் அடிக்கிறது. டிரையர் டிரையராக ஏறி இறங்கி வருகிறது தாள், கிழியவில்லை, இன்னும் கிழியவில்லை, சிவப்புச் சொட்டு ஒரே இடைவெளி விட்டு வந்துகொண்டே இருக்கிறது. ஒரே இடைவெளி. கல் ஒரு சுற்றுச் சுற்றினால் ஒரு சொட்டு. கல்லில் இருக்கிறது. கல்லின் மேல் யாரோ, ஐயோ, செந்தூரம்! எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, ஓடிக்கொண்டே சிரித்தேன், பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள். பழைய ஏற்பாட்டில் கல் ரோல் உள்ளே மறைவாக நிற்கும், கைக்கு எட்டாது, அதனால் பொட்டை எப்போதும் ஓரத்தில் இருக்கிற இரும்புத் தாங்கியில்தான் வைப்பார்கள். இப்போது கல் நடுவில் வந்து நடைபாதையைப் பார்த்து முகம் காட்டிக்கொண்டு நிற்கிறது, நிறுத்தி வைத்தது நான்தான், தட்டோடு வந்தவன் என்ன செய்வான், முகம் இருக்கிற இடத்தில் பொட்டு வைக்காமல் வேறெங்கே வைப்பான். எண்ணெயில் குழைத்தது, தண்ணீருக்கெல்லாம் அசையாது. எல்லாவற்றையும் யோசித்தேன், பொட்டு வைப்பார்கள் என்பதை யோசிக்கவில்லை.

தாள் சுருளில் ஏறிவிட்டது. ஏறிவிட்டது, இதைத் தனியாக ஒரு தடவை சொல்லிக்கொள்கிறேன், ஏறிவிட்டது. கைதட்டல் கேட்கிறது. ஸ்ரீவத்சன் சார் சுருளுக்குக் குனிந்து பார்க்கிறார், "என்னம்மா இது, அம்மை போட்ட மாதிரி இருக்கு? இதுல பிள்ளைங்க எப்படி எழுதும்?" செங்கோடன் ஓடி வந்து நிற்கிறான், முகம் செத்துப் போயிருக்கிறது, "மேடம், தப்புப் பண்ணிப்போட்டனுங்க. கல்லு நல்லா பளபளன்னு இருந்துச்சுங்க, ஆசையா அதும் மேலயே வெச்சுப்போட்டனுங்க. உங்க வேலையக் கெடுத்துப்போட்டனுங்களா?" குரூஸ் சார் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து சேர்கிறார். சுருளின் ஓரத்தில் ஒரு துண்டைக் கிழித்து வெளிச்சத்தில் பிடித்தேன். பொட்டு. வட்டமான பொட்டு. தாள் முதல் அழுத்தத்தில் கல்லிலிருந்து இந்தச் செந்தூரத்தை வாங்கிக்கொண்டது, அதே கல்லோடு ஒட்டியபடி அடுத்த அழுத்தத்துக்குள் போனது, நடுவே ஒரு முடி அளவு வழுக்கியிருந்தாலும் இந்தப் பொட்டு இழுபட்டு நாமமாகியிருக்கும். இழுபடவில்லை. இரட்டையாகவும் விழவில்லை. இதைவிடச் சாட்சி வேண்டுமானால் நான் லட்சக்கணக்கில் கருவி வாங்கிப் பொருத்தியிருக்க வேண்டும், இவன் ஒரு விரலால் வைத்துவிட்டுப் போயிருக்கிறான். துண்டை குரூஸ் சாரிடம் கொடுத்தேன், "எவன் முதலாளின்னு கல்லுக்குத் தெரிஞ்சிருக்கு சார்." அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். துக்கம் விசாரிக்க வந்த முகம் முதல் தடவையாகக் கொஞ்சம் இளகியது. "வட்டமாத்தான்மா இருக்கு" என்றார், அப்புறம் ஸ்ரீவத்சன் சாரிடம் திரும்பி, "சார், அந்தத் தார்ப்பாயும் இரும்பும் எதுக்கு சார் வழியில கெடக்கு, ஸ்டோருக்கு அனுப்பிருவோம்" என்றார்.

சுரண்டுகத்தி தன் வேலையைச் செய்கிறது, பொட்டு சுற்றுக்குச் சுற்று வெளுத்துக்கொண்டே வருகிறது, கொஞ்ச நேரத்தில் இருந்த இடம் தெரியாது. துண்டை குரூஸ் சாரிடமிருந்து திரும்ப வாங்கிக்கொண்டேன். அப்போதுதான் இன்னும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். சிவப்புக்குள்ளே மெல்லிய கோடுகள், வளைந்து வளைந்து, ஒன்றுக்குள் ஒன்றாக. செங்கோடனின் மோதிர விரல் ரேகை. போன ஆடியில் இவன் விரல் போன வழியிலேயே இதுவும் போயிருக்கிறது, இரண்டு அழுத்தத்துக்கும் நடுவே புகுந்து, டிரையர் சூட்டையெல்லாம் தாண்டி, ஒரு கோடு கலையாமல் வெளியே வந்து என் கையில் இருக்கிறது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, டிரையர் சூடு என்று சொல்லிக்கொள்ளலாம், சொல்லவில்லை. "என்னங்க மேடம், ரொம்பக் கெட்டுப்போச்சுங்களா?" "இந்தா, உன் விரல்" என்று அவன் கையில் கொடுத்தேன். அவன் தாளைப் பார்த்தான், மோதிர விரலைப் பார்த்தான், மறுபடியும் தாளைப் பார்த்தான், நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். ஸ்ரீவத்சன் சார் வேகத்தைக் கூட்டலாமா என்று கேட்டார். கூட்டச் சொன்னேன். சிலிண்டரை மூடித்தான் இருப்பேன். செங்கோடன் மறுபடியும் கல் ரோல் பக்கமாக நடக்க ஆரம்பித்தான், நான் கூப்பிட்டேன், "செங்கோடா, அங்க வேலையில்ல. வா, காப்பி குடிக்கலாம்."